மூக்குத்தியும் முக்காடும்

கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஹிஜாப் தீர்ப்பு 2022 மார்ச் 15 அன்று வெளியானது. சட்டம் படிக்காத பெண்களும் அதை ஒருமுறை பொறுமையாக உட்கார்ந்து வாசிக்க வேண்டும் என்பது என் எண்ணம். செய்தித்தாள் சுருக்கங்களில் தெரியாத ஒன்று முழுப் பிரதியில் தெரிகிறது. வழக்குத் தொடுத்தவர்கள் மாணவிகள். அவர்கள் கேட்டது வகுப்பறையில் உட்கார இடம். தீர்ப்போ கணிசமான பக்கங்களைக் குரானுக்கு ஒதுக்குகிறது. அப்துல்லா யூசுப் அலியின் ஆங்கில மொழிபெயர்ப்பைச் சார்ந்திருக்கலாமா? முக்காடு பற்றிய வசனம் கட்டளையா, பரிந்துரையா? அணியாதவருக்குத் தண்டனை ஏதும் சொல்லப்பட்டிருக்கிறதா? மார்க்க அறிஞர்கள் நூற்றாண்டுகளாக வாதிட்டுவரும் கேள்விகளை மூன்று நீதிபதிகள் சில வார விசாரணையில் முடித்துவைக்கிறார்கள். அந்த மூவரில் ஒருவர் முஸ்லிம் பெண். தீர்ப்பு ஒருமனதானது. ஆகவே, நீதிபதிகள் யார் என்பதில் குறை தேட வேண்டியதில்லை. அவர்கள் எந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இந்த வழக்கின்போது நம்மில் பலருக்கு ஒரு தயக்கம் இருந்தது. கோஷா முறையைச் சாடிய சுயமரியாதை மரபைச் சொந்தம் கொண்டாடும் நாம் ஒரு முக்காட்டுக்காக எப்படி வாதாடுவது? பெண்ணுடல் மறைக்கப்பட வேண்டியது என்ற கருத்தை நாம் எந்த மதத்தில் ஏற்றோம்? தயக்கம் நியாயமானதுதான். ஆனால் அந்தத் தயக்கமே பலரை மௌனமாக்கியது. மௌனமாக இருந்தவர்களும் நீதிமன்றத்தைப் போலவே ஹிஜாப் நல்லதா, தேவையா என்ற கேள்வியில் சிக்கிக்கொண்டார்கள். ஒரு விதியின் பாரம் யார்மீது விழுகிறது என்ற கேள்வி பின்னுக்குப் போய்விட்டது.

நடந்தது இதுதான். உடுப்பியின் அரசு மகளிர் பி.யூ. கல்லூரியில், அதாவது நம்மூர்க் கணக்கில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பில், முக்காட்டோடு வந்த சில முஸ்லிம் மாணவிகளை 2021 டிசம்பர் கடைசியில் வகுப்புக்குள் விடவில்லை. அவர்கள் வகுப்புக்கு வெளியே உட்கார்ந்திருந்த படங்களை நாடே பார்த்தது. பிப்ரவரியில் வேறு கல்லூரிகளில் மாணவர்கள் காவித் துண்டு போட்டுக்கொண்டு எதிர்ப்புக்கு வந்தார்கள். பிப்ரவரி 5 அன்று கர்நாடக அரசு ஓர் ஆணை பிறப்பித்தது: சீருடை விதிக்கப்பட்ட இடத்தில் சீருடை, விதிக்கப்படாத இடத்தில் சமத்துவத்தையும் ஒற்றுமையையும் பொது ஒழுங்கையும் குலைக்கும் உடை கூடாது. பிப்ரவரி 10 அன்று உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவு காவித் துண்டையும் ஹிஜாபையும் ஒரே வரியில் வைத்து இரண்டையும் வகுப்பறைக்கு வெளியே நிறுத்தியது. ஒன்று அந்த வாரம் இன்னொன்றை எதிர்ப்பதற்காகத் தோளில் ஏறியது. மற்றது ஒரு பெண்ணின் அன்றாட உடை. உத்தரவில் இரண்டுக்கும் ஒரே எடை. இதைத்தான் பாரபட்சமின்மை என்கிறார்கள்.

ஒரு பழக்கம் மதத்துக்கு இன்றியமையாததா என்று நீதிமன்றமே ஆராய்ந்து சொல்லும் வழக்கம் எங்கிருந்து வந்தது? 1954இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த சிரூர் மடம் வழக்கிலிருந்து. உடுப்பியின் எட்டு மடங்களில் ஒன்று சிரூர். தென் கன்னடம் அன்று சென்னை மாகாணத்தில் இருந்ததால், வழக்கில் எதிரே நின்றவர் சென்னை அறநிலையத் துறை ஆணையர். மடத்தின் உள்விவகாரங்களில் அரசு எவ்வளவு தூரம் கைவைக்கலாம் என்பது கேள்வி. மதத்துக்கு எது இன்றியமையாதது என்பதை முதன்மையாக அந்த மதத்தின் கோட்பாடுகளைக் கொண்டே அறிய வேண்டும் என்றது நீதிமன்றம். மடத்துக்கு அது ஒரு கேடயம். அதன்பிறகு வந்த வழக்குகளில் அந்தக் கேடயம் சல்லடையாக மாறியது. இன்றியமையாதது என்று நிரூபித்தால்தான் பாதுகாப்பு, மற்றதெல்லாம் கீழே உதிர்ந்துவிடும். அறுபத்தெட்டு ஆண்டுகள் கழித்து அதே ஊரின் பள்ளி மாணவிகள்மீது அந்தச் சல்லடை வந்து இறங்கியது. மடாதிபதிக்குக் கிடைத்த தயவு மாணவிக்குக் கிடைக்கவில்லை.

பெண்களுக்கு இந்தச் சோதனை ஒரு பொறி. முக்காடு மதக் கட்டளை, மீற முடியாதது என்று ஒரு மாணவி சொன்னால், அது பெண்ணை அடக்கும் வழக்கம், அரசியல் சாசனத்தின் விடுதலை நோக்கத்துக்கு எதிரானது என்று பதில் வருகிறது. தீர்ப்பு இந்த இடத்தில் பர்தா பற்றி அம்பேத்கர் பாகிஸ்தான் குறித்த நூலில் எழுதியதை மேற்கோள் காட்டுகிறது. சரி, கட்டளை இல்லை, நானாக விரும்பி அணிகிறேன் என்று சொன்னால், அப்படியானால் இது இன்றியமையாதது அல்ல, கழற்றிவிட்டு வா என்கிறது. மனசாட்சி என்று சொன்னால், அதற்கான விவரம் மனுவில் போதவில்லை என்கிறது. கட்டாயம் என்றாலும் தோற்பாள், விருப்பம் என்றாலும் தோற்பாள். எந்தப் பதிலைச் சொன்னாலும் முக்காடு கழன்றுவிடுகிற ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, அதைப் பெண் விடுதலை என்றும் அழைக்க முடிகிறது.

அம்பேத்கரை இப்படிப் பயன்படுத்தியது எனக்கு மிகவும் உறுத்துகிறது. பெண்கள் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடப்பதன் கேட்டை அவர் எழுதினார். அந்த எழுத்தைச் சாட்சியாக வைத்துக்கொண்டு, வீட்டிலிருந்து வெளியே வந்து பள்ளி வாசல்வரை எட்டிய பெண்களைத் திருப்பி அனுப்பினால் அவர்கள் எங்கே போவார்கள்?

இப்போது இன்னொரு பள்ளிக்கூடம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் பெண்கள் உயர்நிலைப் பள்ளி. 1860 தொடங்கி நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழர்களின் வழிவந்த சமூகம் அந்த நகரத்தில் பெரிது. அங்கே படித்த ஒரு தமிழ் இந்துக் குடும்பத்துப் பெண் 2004இல் விடுமுறையில் மூக்குக் குத்திக்கொண்டு பள்ளிக்கு வந்தாள். காதில் சிறு தோடு போட விதி அனுமதித்தது; மூக்கில் கூடாது. நிர்வாகம் கழற்றச் சொன்னது. பெண் வயதுக்கு வந்ததும் மூக்குக் குத்துவது எங்கள் குடும்ப வழக்கம், பதினாறு வயதில் பாட்டி தங்க மூக்குத்தியை மாற்றி வைர மூக்குத்தி போட்டுவிடுவார் என்று தாய் கடிதம் எழுதினார். பள்ளி மசியவில்லை. தாய் சமத்துவ நீதிமன்றத்துக்குப் போனார். அங்கே தோற்று, உயர் நீதிமன்றத்தில் வென்றார். கல்வித் துறையும் பள்ளியும் மேல்முறையீடு செய்ய, அரசியல் சாசன நீதிமன்றம் 2007 அக்டோபர் 5 அன்று தீர்ப்புச் சொன்னது. பிள்ளை வழக்கு என்று உலகெங்கும் சட்ட மாணவர்கள் படிப்பது இதைத்தான்.

அங்கும் கட்டாயமா, விருப்பமா என்ற கேள்வி எழுந்தது. மூக்குத்தி இந்து மதத்தின் கட்டாயச் சடங்கு அல்ல, தென்னிந்தியத் தமிழ் இந்துப் பண்பாட்டின் விருப்ப வெளிப்பாடு என்றே நீதிமன்றம் முடிவு செய்தது. கர்நாடகத்தில் என்றால் வழக்கு அந்த வரியோடு முடிந்திருக்கும். தலைமை நீதிபதி பியுஸ் லங்கா எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்போ அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஒருவர் கடமையாகச் செய்வதற்கு மட்டுமல்ல, தன் அடையாளத்தின் பகுதியாக விரும்பிச் செய்வதற்கும் பாதுகாப்பு உண்டு என்றார் அவர். விதி எல்லோருக்கும் பொது என்ற வாதத்தையும் ஏற்கவில்லை. காதுத் தோட்டை அனுமதித்து மூக்குத்தியைத் தடுக்கும் விதி நடுநிலையானதல்ல, பெரும்போக்கினரின், முன்பு சலுகை பெற்றிருந்தவர்களின் அலங்காரத்தை இயல்பு என்று வைத்துக்கொண்டு ஒதுக்கப்பட்டவர்களின் அலங்காரத்தை மீறலாக்குகிறது என்று கண்டார். சீருடை இருக்கட்டும், விலக்குக் கேட்பவருக்கு நியாயமான இடம் கொடுங்கள், விதியை மாணவிகளோடும் பெற்றோரோடும் ஆசிரியர்களோடும் பேசித் திருத்துங்கள் என்பதே உத்தரவு.

இந்தத் தீர்ப்பு கர்நாடக நீதிபதிகளின் முன் வைக்கப்பட்டது. அவர்கள் அதை ஒதுக்கினார்கள். ஒதுக்கியதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று: மூக்குத்தி கண்ணுக்கு அவ்வளவாகப் புலப்படாத சின்னஞ்சிறு பொருள், ஹிஜாப் அப்படியல்ல. கடுகளவு வித்தியாசத்துக்கு அனுமதி உண்டு, கைக்குட்டை அளவு வித்தியாசத்துக்கு இல்லை என்றால், அளவுகோல் பார்ப்பவரின் கண்ணில் இருக்கிறது. எந்த வித்தியாசம் பெரும்பான்மையின் கண்ணை உறுத்தாதோ அதுவே பொறுத்துக்கொள்ளத்தக்கது என்றாகிவிடும். பொட்டும் பூவும் மூக்குத்தியும் நம் வகுப்பறைகளில் யார் கண்ணிலும் படாமல் இருப்பது அவை சிறியவை என்பதாலா, நம் கண் அவற்றுக்குப் பழகியது என்பதாலா?

பெண்ணிய வாசகி இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வயதுக்கு வந்ததும் மூக்குக் குத்துவது என்ன அறிவிப்பு? பெண் கல்யாணத்துக்குத் தயார் என்பதுதானே அதன் பழைய பொருள். மஞ்சள் நீராட்டைப் பற்றி நாம் எழுதியதெல்லாம் அந்த மூக்குத்திக்கும் பொருந்தும். டர்பன் வழக்கிலும் இந்தப் பழைய பொருள் மறைக்கப்படவில்லை. இன்று அது மகளைப் பொறுப்புள்ள பெரியவளாக மதிப்பதன் அடையாளம் என்று விளக்கம் தரப்பட்டது. ஆணாதிக்க வேர் கொண்ட வழக்கம் என்பதற்காக நீதிமன்றம் அவளைப் பள்ளியிலிருந்து அனுப்பிவிடவில்லை. மூக்குத்தி பற்றிய நம் விமர்சனத்தை நாம் வீட்டில், எழுத்தில், மேடையில் வைத்துக்கொள்ளலாம். அதைக் கழற்றினால்தான் கணக்குப் பாடம் கேட்கலாம் என்று அரசு சொல்வது வேறு விஷயம். தன் சமூகத்து ஆண்களோடு சண்டை போடப்போகும் பெண்ணுக்கும் படிப்பு தேவை.

நம் அரசியல் சாசனத்தின் பிரிவு 14இல் இரண்டு தொடர்கள் இருக்கின்றன. சட்டத்தின் முன் சமத்துவம் ஒன்று. சட்டங்களின் சமமான பாதுகாப்பு இன்னொன்று. முதலாவது இங்கிலாந்து மரபிலிருந்து வந்தது. இரண்டாவது, அடிமை முறை ஒழிந்தபின் அமெரிக்க அரசியல் சாசனத்தில் சேர்க்கப்பட்ட பதினான்காம் திருத்தத்திலிருந்து வந்தது. அந்தத் திருத்தத்தின்கீழ் 1886இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு ஒரு சலவைக்கடையைப் பற்றியது. சான்பிரான்சிஸ்கோவில் மரக் கட்டடத்தில் சலவைக்கடை நடத்த அனுமதி வேண்டும் என்று ஒரு விதி. விதியில் சீனர் என்ற சொல்லே கிடையாது. விண்ணப்பித்த சுமார் 200 சீனர்களில் ஒருவருக்கும் அனுமதி கிடைக்கவில்லை. மற்றவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் கிடைத்தது. எழுத்தில் யாரையும் குறிப்பிடாத விதியும் சமப் பாதுகாப்பை மறுக்கலாம் என்று அன்றே தீர்ப்பானது. உடுப்பி வழக்கில் நடைமுறை வேறு, விதியை எல்லோர்மீதும் ஒரேபோல் செலுத்தினார்கள் என்று சொல்லலாம். சரி, அதற்கும் நம்மிடம் விடை இருந்தது.

2021 மார்ச் 25 அன்று, ஹிஜாப் தீர்ப்புக்கு ஏறக்குறைய ஓராண்டு முன்பு, ராணுவப் பெண் அதிகாரிகள் தொடுத்த நிதிஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் மறைமுகப் பாகுபாடு என்ற கருத்தைத் தெளிவாக ஏற்றது. நிரந்தரப் பணிக்கான உடல்தகுதி அளவுகோல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். ஆண்களை அது இளவயதில், பணியின் தொடக்க ஆண்டுகளில் அளந்தது. பல காலம் வாய்ப்பே மறுக்கப்பட்ட பெண்களை நடுவயதில் அளந்தது. அளவுகோல் ஒன்று, விளைவு வேறு. விளைவைப் பார், அதுதான் சமத்துவத்தின் சோதனை என்றது அந்தத் தீர்ப்பு. இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உடுப்பிக்குப் போயிருந்தால் கேள்வி எளிதாக இருந்திருக்கும். சீருடை விதியால் படிப்பை இழப்பவர் யார்? முஸ்லிம். அவர்களிலும் பெண். அண்ணன் அதே நாளில், அதே ஊரில், எதையும் கழற்றாமல் கல்லூரிக்குப் போய் வந்தான். மதம் மட்டும், பாலினம் மட்டும் என்று தனித்தனியாகப் பார்த்தால் இந்த இழப்பு கண்ணில் படாது. இரண்டும் சேரும் முனையில் நிற்பவள்மீதுதான் அது விழுகிறது. உயர் நீதிமன்றமோ சீருடை எல்லா மாணவருக்கும் ஒரேபோல் பொருந்துவதால் பிரிவு 14, 15 மீறப்படவில்லை என்று சொல்லி நகர்ந்துவிட்டது.

சீருடையின் நிறத்திலேயே முக்காடு போட்டுக்கொள்கிறோம் என்று மாணவிகள் தரப்பு கேட்டுப் பார்த்தது. அதுவும் மறுக்கப்பட்டது. முக்காடு உள்ளவர், இல்லாதவர் என்று மாணவிகள் இரு வகையாகிவிடுவார்கள், அது சமூகப் பிரிவினை உணர்வை வளர்க்கும் என்பது காரணம். கற்பனையில் வரக்கூடிய பிரிவினையைத் தவிர்க்க, கண்முன்னே ஒரு பிரிவினையை நீதிமன்றம் அனுமதித்தது: உள்ளே இருப்பவர்கள், வாசலில் நிற்பவர்கள்.

தமிழ்நாட்டில் சீருடையின் மதிப்பை நாம் குறைத்துப் பேச முடியாது. ஏழைப் பிள்ளையும் பணக்காரப் பிள்ளையும் ஒரே துணியில் உட்காருவது சிறிய விஷயமல்ல. சாதியைக் காட்டும் உடைக்கு எதிராகவும் நமக்கு ஒரு வரலாறு இருக்கிறது. இன்றைய குமரி மாவட்டம் திருவிதாங்கூரில் இருந்த காலத்தில் நாடார் பெண்கள் மார்பை மறைப்பதற்காகப் போராடினார்கள். 1829இல் மதம் மாறிய பெண்கள் குப்பாயம் போடலாம், மேல்சாதிப் பெண்களின் மேல்சீலை கூடாது என்றது அரசு. 1859இல் இன்னும் இறங்கிவந்து, எப்படியும் மறைத்துக்கொள்ளலாம், மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது என்றது. பெண் உடுத்தும் துணியில் தன் சமூக வரைபடத்தை எழுதிக்கொள்ளும் ஆசை அரசுகளுக்குப் புதிதல்ல.

அப்படியானால் எந்த அடையாளத்தையும் பள்ளியில் தடுக்கவே கூடாதா? இந்தக் கேள்வியை மாணவிகள் கேட்பதுண்டு, கேட்கத்தான் வேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள், தங்கையும் வெட்டுப்பட்டாள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கையில், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி ஆகியவற்றை மாணவர்கள் அணியக் கூடாது என்று பரிந்துரைத்தது. கயிற்றைத் தடை செய்வதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. அந்தக் கயிறு ஒருவனை அவனுடைய ஆட்களோடு சேர்க்கிறது, மற்றவனை அடையாளம் காட்டி அச்சுறுத்துகிறது. அதைத் தடுப்பது அடிபடுபவனுக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு. நெற்றிக் குறியில் எனக்குத் தயக்கம் உண்டு. சாதிக் குறி எது, பக்தி எது என்று வாசலில் நிற்கும் ஆசிரியர் எப்படிப் பிரிப்பார்? ஆனால் முக்காட்டை இந்தப் பட்டியலில் நான்காவதாகச் சேர்ப்பவர்கள் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அதை அணிந்த பெண்ணைக் கண்டு வகுப்பில் யார் பயந்தார்கள்? 2022 பிப்ரவரியில் கல்லூரி வளாகங்களில் கோஷம் போட்டுத் துரத்தப்பட்டவள் யார்? அடையாளம் என்ற ஒரு சொல்லுக்குள் அடிப்பவன் கயிற்றையும் அடிபடுபவள் துணியையும் போட்டுக் கட்டிவிட்டால் அது சமத்துவம் ஆகாது.

2022 அக்டோபர் 13 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஹேமந்த் குப்தா மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தார். ஒரு சமூகத்துக்கு மட்டும் மத அடையாளத்தை அனுமதிப்பது மதச்சார்பின்மைக்கு முரண் என்பது அவர் பார்வை. சுதான்ஷு தூலியா இன்றியமையாமைச் சோதனைக்குள் போயிருக்கவே வேண்டாம் என்றார். பள்ளிக்குக் கிளம்பும் முன் வீட்டுவேலையில் அம்மாவுக்குக் கைகொடுத்துவிட்டு வரும் பெண்பிள்ளைகளை அவர் தீர்ப்பு நினைவில் வைத்திருக்கிறது. அவளைப் பள்ளி வாசலில் முக்காட்டைக் கழற்றச் சொல்வது அவளுடைய அந்தரங்கத்தையும் கண்ணியத்தையும் தாக்குவது, கடைசியில் கல்வியை மறுப்பது என்று எழுதினார். தீர்ப்பு மொழியில் இப்படி ஒரு பெண்பிள்ளையைப் பார்ப்பது அரிது.

ஆனாலும் அவருடைய தீர்ப்பின் முதுகெலும்பு தேர்வு என்ற சொல்தான்: இது அவளுடைய தேர்வு, அவ்வளவே. எனக்கு அது போதவில்லை. தேர்வு என்று சொன்னதும் அடுத்த கேள்வி வந்துவிடும்: உண்மையாகவே அவள் தேர்வுதானா, அப்பா சொன்னாரா, தெருவுக்குப் பயந்தா? எந்தப் பெண்ணின் எந்த உடைதான் முழுக்க அவள் தேர்வு? புடவை கட்டிக்கொண்டு வேலைக்குப் போகும் ஆசிரியையிடம் யாரும் இந்தச் சான்றிதழைக் கேட்பதில்லை. சமப் பாதுகாப்பு என்ற வாதத்தின் பலமே இதுதான்: பெண் தன் மனத்தைக் கூண்டில் ஏற்றித் தூய்மையை நிரூபிக்க வேண்டியதில்லை. விதி போட்டவர்தான் பதில் சொல்ல வேண்டும், இந்த விதியால் ஒரு வகைப் பெண்கள் மட்டும் ஏன் வெளியே நிற்கிறார்கள் என்று. 1985இல் ஷா பானுவுக்கு ஜீவனாம்சம் தந்த உச்ச நீதிமன்றமும் குரான் வசனங்களை எடுத்துப் பேசியது. பின்னர் எழுந்த சர்ச்சையில் பேச்சு முழுக்க மதத்தைப் பற்றியதாகி, கைவிடப்பட்ட ஒரு முதிய பெண்ணின் மாதச் செலவு காணாமல் போனது. 1986இல் வந்த சட்டமும் அவளைக் கேட்டு வரவில்லை.

டர்பன் பெண் வழக்கில் நேரில் சாட்சி சொல்லவில்லை. யாருடைய பண்பாடு கேள்விக்குள்ளாகிறதோ அவரிடமே கேட்பது நல்லது, அவர் சிறு வயதினராக இருந்தாலும், என்று அந்த நீதிமன்றம் குறிப்பிட்டது. தீர்ப்பு வந்தபோது அவள் அந்தப் பள்ளியில் இல்லை. இருந்தும் விதி மற்ற பெண்களையும் பாதிக்கும் என்பதால் நீதிபதிகள் முடிவு சொன்னார்கள். உடுப்பி வழக்கு, நீதிபதிகள் உடன்படாததால், பெரிய அமர்வை அமைப்பதற்காகத் தலைமை நீதிபதியிடம் அனுப்பப்பட்டது. பி.யூ. படிப்பு மொத்தம் இரண்டே ஆண்டுகள்.